மண்ணீரலை எடுத்துவிட்டால்: ‘அது இல்லாமலும் வாழலாம்’ என்பது எவ்வளவு தூரம் உண்மை?

கேள்வி: 2024 ஜூலை 6, சனி, மாலை 6.15

என் தம்பிக்கு வயது 26. ஒன்றரை ஆண்டாக இரத்தத்தில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஏறவே மாட்டேன் என்கின்றன. ஒரு மாதம் ஒன்பதாயிரம், ஒரு மாதம் பதினைந்தாயிரம். ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பிவிட்டது. குறைத்தால் காலெல்லாம் சிவப்புப் புள்ளிகள். வருகிற வெள்ளிக்கிழமை மண்ணீரலை எடுக்கிறார்கள். “அதுவும் குடல்வால் மாதிரிதான், இல்லாமலும் நன்றாக வாழலாம்” என்கிறார் எங்கள் மாமா. நாங்கள் வியாசர்பாடி. மண்ணீரல் எடுத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், மாமா சொல்வது உண்மையா?

2024 ஜூலை 6, சனி, இரவு 10.50

பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாமல் இரண்டு ஆண்டு ஓட்டியவன் எழுதுகிறேன். எனக்கு 2017இல் எடுத்தார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். மருத்துவம் படித்தவன் அல்ல.

மற்றதெல்லாம் பிறகு. தம்பிக்குத் தடுப்பூசிகள் போட்டாயிற்றா? நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் என்று மூன்று கிருமிகளுக்கு. நாள் குறித்துச் செய்யும் அறுவை என்றால் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகவே அவற்றைப் போட வேண்டும். மண்ணீரல் உள்ளே இருக்கும்போது போட்டால்தான் உடம்பு ஊசியிலிருந்து நன்றாகப் பாடம் படிக்கும். இன்று சனி, அறுவை வெள்ளி. திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக மருத்துவரைக் கேளுங்கள். கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம்.

மாமாவை ஓர் ஓரமாக உட்கார வையுங்கள்.

2024 ஜூலை 7, ஞாயிறு, மதியம் 2.20

கடை இல்லை, ஆகவே என் கதை.

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். அந்த வரிசைக்கும் ஓரக் கல்லுக்கும் நடுவில் இருசக்கர வண்டியை நுழைத்து ஓட்டுவதும் இந்தப் பக்கத்து ஆட்களின் வழக்கம்தான். 2017 ஏப்ரலில் காசிமேடு அருகே அப்படி வந்துகொண்டிருந்தேன். நின்ற லாரி ஒன்று திடீரென்று அசைந்தது, பிரேக் பிடித்தேன், வண்டி சரிந்தது. ஹேண்டில்பாரின் முனை இடது விலாவுக்குக் கீழே ஒரு குத்து. சட்டைகூடக் கிழியவில்லை. எதிரே இருந்த டீக்கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். டீயும் குடித்துவிட்டுக் கடைக்கு வந்து, அரைக் குதிரைச்சக்தி மோட்டார் ஒன்றுக்குப் பாதிக் காயில் கட்டினேன்.

வயிறு பெரிதாக வலிக்கவில்லை. இடது தோளின் முனைதான் வலித்தது. விழுந்ததில் சுளுக்கிக்கொண்டது என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டேன். அதற்கு ‘கேர் அறிகுறி’ என்று ஒரு பெயரே இருப்பது பிறகுதான் தெரிந்தது. உள்ளே கசியும் இரத்தம், மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானத்தை உறுத்துகிறது. அதன் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து வருவதால், மூளை வலியைத் தோளில் கொண்டுபோய் வைக்கிறது. தவறான டெர்மினலில் கம்பி கொடுத்த மாதிரி. வயிற்றில் அடிபட்டவர் இடது தோள் வலிக்கிறது என்றால் தைலத்தைத் தேடாதீர்கள்.

நான்கு மணிக்குக் கண் இருட்டியது. பையன்தான் ஆட்டோ பிடித்தான். ஸ்கேனில் நான்காம் நிலைக் கிழிசல், வயிற்றுக்குள் ஏறக்குறைய இரண்டு லிட்டர் இரத்தம். சிறிய கிழிசலாக இருந்து, இரத்த அழுத்தமும் நிலையாக இருந்தால் இப்போதெல்லாம் அறுக்காமலே படுக்க வைத்துக் கண்காணிக்கிறார்கள். அல்லது இரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாய் விட்டுக் கசிவை அடைக்கிறார்கள். என் அழுத்தம் விழுந்துகொண்டே இருந்ததால் அதற்கெல்லாம் நேரம் இல்லை. விழித்தபோது மார்புக்குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழ் வரை 24 பின்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் ‘ஒரு வாரம் கழித்து வரவும், பளு தூக்கக் கூடாது’ என்று இருந்தது. ஊசி பற்றி ஒரு சொல் கிடையாது. அவசர அறுவை என்றால் முன்கூட்டிப் போட முடியாதுதான். ஆனால் பதினான்கு நாள் கழித்துப் போட்டிருக்கலாம். எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அன்று அவர்கள் இல்லாவிட்டால் நான் இல்லை.

2019இல் சளிக் காய்ச்சலுக்காக எங்கள் தெரு மருத்துவரிடம் போனேன். வயிற்றைத் தட்டிப் பார்க்கச் சட்டையைத் தூக்கியவர் தழும்பைப் பார்த்தார்.

“இது எதற்குச் செய்த அறுவை?”

“மண்ணீரல் எடுத்தார்கள் ஐயா.”

“ஊசியெல்லாம் போட்டுக்கொண்டாயா?”

“டிடி போட்டார்கள், டெட்டனஸுக்கு.”

ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே டோக்கன் வாங்கியவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

2024 ஜூலை 7, ஞாயிறு, இரவு 9.05

“அப்படி என்னதான் செய்கிறது அது?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்யும் ஒற்றைப்படைக் கணக்கு ஒன்று உண்டு: 1, 3, 5, 7, 9, 11. ஓர் அங்குலத் தடிமன், மூன்று அங்குல அகலம், ஐந்து அங்குல நீளம், ஏழு அவுன்ஸ் எடை, ஒன்பதாவது விலா எலும்பிலிருந்து பதினொன்றாவது விலா வரை இருப்பிடம். உள்ளங்கையில் அடங்கும்.

அது இரத்தத்துக்குச் சல்லடை. மூப்படைந்த சிவப்பணுக்களைப் பொறுக்கி எடுக்கும். தட்டணுக்களில் மூன்றில் ஒரு பங்கை எப்போதும் தன்னிடம் இருப்பு வைத்திருக்கும். மூன்றாவது வேலைதான் முக்கியம். சில கிருமிகள் சர்க்கரைப் பொருளால் ஆன வழுவழுப்பான உறையைப் போர்த்திக்கொண்டு வருகின்றன. வெள்ளையணுக்களுக்குப் பிடி கிடைக்காது. மண்ணீரல் அவற்றின்மேல் ஒட்டும் எதிர்ப்பொருளைச் செய்து, மெதுவாக ஓடும் தன் இரத்தச் சந்துகளில் வைத்துப் பிடித்துவிடும். ஈரலும் எலும்பு மஜ்ஜையும் மற்ற வேலைகளைப் பங்கிட்டுக்கொள்ளும், இந்த வேலையை முழுதாகச் செய்ய வேறு ஆள் இல்லை.

மாமாவையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படித்தான் நினைத்தார்கள். 1952இல் அமெரிக்காவில் கிங், ஷூமாக்கர் என்ற இருவர், பச்சைக் குழந்தையாக இருக்கும்போதே மண்ணீரல் எடுக்கப்பட்ட ஐந்து பேருக்குக் கடுமையான தொற்று வந்ததை எழுதிய பிறகுதான் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். அந்தத் தொற்று எல்லோருக்கும் வராது, அரிது. வந்தால் காலையில் காய்ச்சலும் குளிருமாகத் தொடங்கி மறுநாளே உயிரைக் கொண்டுபோகக்கூடியது. பாதிப் பேர் வரை பிழைப்பதில்லை. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆபத்து அதிகம், அதன் பிறகும் ஆயுள் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆகவே தம்பிக்குக் காய்ச்சல் 101ஐத் தாண்டினால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

2024 ஜூலை 8, திங்கள், இரவு 8.30

ஊசி போடவில்லையாம்! அறுவை மருத்துவர் இரத்தநோய் மருத்துவர் போட்டிருப்பார் என்று நினைத்தார், இரத்தநோய் மருத்துவர் அறுவை மருத்துவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தார். அறுவையை ஆகஸ்ட் 1க்குத் தள்ளிவிட்டார்கள். எங்கள் தொழிலிலும் இதுதான்: பிட்டர் எலக்ட்ரீஷியனைச் சொல்வார், எலக்ட்ரீஷியன் பிட்டரைச் சொல்வார், எரிந்த மோட்டார் என் மேசைக்கு வரும்.

அம்மா, நீங்கள் “நன்றி அண்ணா” என்று மூன்று முறை எழுதியிருக்கிறீர்கள். ஒன்று போதும்.

2024 ஜூலை 10, புதன், இரவு 10.15

ஊசி விலையைக் கேட்டுத் தலை சுற்றியதாகத் தம்பியின் அக்கா எழுதியிருக்கிறார். சுற்றும். எனக்கு எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்தைத் தொட்டது. குழந்தைகளுக்கான நிமோகாக்கஸ் ஊசி 2021இலிருந்து நாடு முழுவதும் அரசுத் திட்டத்தில் இலவசம். பெரியவர்கள் வெளியில்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

மெனிங்கோகாக்கஸ் ஊசியைத் தேடி நான்கு மருந்துக்கடை ஏறி இறங்கினேன். எவரிடமும் இருப்பு இல்லை. பக்கத்துக் கடை பாய்தான், “ஹஜ்ஜுக்குப் போகும்போது எனக்குப் போட்டார்களே, அந்த ஊசிதானே?” என்றார். அதேதான். மூளைக்காய்ச்சல் தடுப்பூசி இல்லாமல் சவூதியில் ஹஜ்ஜுக்கு அனுமதி கிடையாது. அவர் ஒரு தொலைபேசி எண் கொடுத்தார், மறுநாளே கிடைத்தது.

ஊசிகளுக்கு வரிசை உண்டு. நிமோகாக்கஸில் முதலில் ‘இணைப்பு’ (கான்ஜுகேட்) வகை, எட்டு வாரம் கழித்து, இருபத்து மூன்று நிமோகாக்கஸ் இனங்களுக்கான ‘23’ வகை. மெனிங்கோகாக்கஸில் ஒரு குறிப்பிட்ட தயாரிப்பை நிமோகாக்கஸோடு ஒரே நாளில் போட்டால் நிமோகாக்கஸ் ஊசியின் பலன் குறையும் என்று நான்கு வாரம் தள்ளிப் போடச் சொல்வார்கள். கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததையெல்லாம் ஒரே மாலையில் குத்திக்கொள்ளாதீர்கள், மருத்துவர் எழுதிய வரிசைப்படி போங்கள். நிமோகாக்கஸ் இந்த இரண்டோடு முடிந்துவிடும், ஆயுளுக்கும் போதும்.

இன்னொன்று. தம்பியின் நோய்க்கு மண்ணீரலை எடுக்கும் யோசனையே ஒரு மாணவர் சொன்னது. 1916இல் பிராகாவில் கஸ்னெல்சன் என்ற மருத்துவ மாணவர், தட்டணுக்கள் மண்ணீரலில்தான் அழிகின்றன, எடுத்துப் பாருங்கள் என்று தன் பேராசிரியரிடம் சொன்னார். எடுத்தார்கள், எண்ணிக்கை ஏறியது. இன்றும் மூன்றில் இரண்டு பேருக்கு இது நிலைத்த பலன் தருகிறது. மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நோய் தெரிந்து ஓராண்டாவது பொறுத்துவிட்டுத்தான் எடுக்கச் சொல்கிறார்கள், ஏனென்றால் சிலருக்குத் தானாகவே சரியாகிவிடும். தம்பிக்கு ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது. தட்டணுவை ஏற்றும் புது மாத்திரைகள் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். முடிவு உங்களுடையது.

2024 ஜூலை 14, ஞாயிறு, காலை 7.40

திருத்தம். செவிலியராக இருக்கும் ஒருவர் என் காதைத் திருகியிருக்கிறார், நியாயமாகவே. 101 என்று நான் எழுதியது தவறு; கணக்கு 100.4. காய்ச்சல் இல்லாமல் உடம்பு உதறும் குளிர் மட்டும் வந்தாலும் அதே அவசரம்தான். பாராசிட்டமால் போட்டு அனலை இறக்கிவிட்டு “குறைந்துவிட்டதே” என்று படுத்துக்கொள்ளக் கூடாது. இறங்குவது தெர்மாமீட்டர் மட்டும்தான்.

முன்பெல்லாம் நானும் காய்ச்சல் என்றால் மிளகு ரசம், ஒரு மாத்திரை, போர்வை. மூன்றாம் நாள்தான் மருத்துவர். அந்தப் பழக்கத்தை விடுவது பீடியை விடுவதைவிடக் கடினமாக இருந்தது. இரண்டையும் விட்டவன் சொல்கிறேன்.

2024 ஜூலை 21, ஞாயிறு, மதியம் 1.10

தம்பிக்கு இப்போதிலிருந்தே சுவரொட்டி வாங்கிக் கொடுக்கிறார்களாம். சிரித்துவிட்டேன், மன்னிக்கவும்.

மற்ற ஊர்க்காரர்களுக்காக: கறிக்கடையில் சுவரொட்டி என்றால் ஆட்டின் மண்ணீரல். எறிந்தால் சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். ஓர் ஆட்டில் ஒன்றுதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே சொல்லி வைக்காவிட்டால் கிடைக்காது. இரத்தம் ஊறும் என்று பிரசவமான பெண்களுக்கும் நோயில் எழுந்தவர்களுக்கும் கொடுப்பது வழக்கம்.

நான் மருத்துவமனையிலிருந்து வந்த முதல் ஞாயிறு, என் அம்மா தட்டில் அதைக் கொண்டுவந்து வைத்தார். கரும்பழுப்பாக, நாக்கு மாதிரி நீளமாக, நெருப்பில் சுட்டு மிளகும் உப்பும் தடவியது. “உனக்கு எடுத்துவிட்டார்களே, அதற்கு ஈடு” என்றார். எனக்கு எடுத்தது எப்படி இருந்திருக்கும் என்று அதைப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஒரு வாய்கூட இறங்கவில்லை. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை எடுத்துப் போனார்.

இரும்புச் சத்து இருக்கிறது, சாப்பிடலாம். தின்ற சுவரொட்டி வயிற்றுக்குள் போய் இடது பக்கம் ஒட்டிக்கொண்டு காவல் காக்காது, அவ்வளவுதான். இப்போது நானும் சாப்பிடுகிறேன்.

2024 ஆகஸ்ட் 4, ஞாயிறு, இரவு 8.00

முடிந்தது. லேப்ராஸ்கோப்பி, நான்கு சிறு துளைகள். உள்ளேயே ஒரு பைக்குள் போட்டு, துண்டு துண்டாக்கி, ஒரு துளை வழியே வெளியே எடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் வீடு. 24 பின்காரன் பொறாமையோடு படித்தேன்.

“துணை மண்ணீரல் ஒன்று இருந்தது, அதையும் எடுத்தோம்” என்றார்களாம். என்ன அது என்று கேட்கிறார். பத்துப் பேரில் ஒருவருக்காவது பட்டாணி அளவில் உதிரி மண்ணீரல் ஒன்று பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த நோயில் அதை விட்டுவைத்தால் அது பெரிய அண்ணன் வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு தட்டணுக்களைத் தின்னத் தொடங்கிவிடலாம். தேடி எடுத்தது நல்ல கை.

ஒன்பதாயிரமாக இருந்த தட்டணு மூன்று லட்சத்து நாற்பதாயிரம்! இன்னும் ஏறினாலும் அலற வேண்டாம். இருப்பு வைக்கக் கிடங்கு இல்லாததால் முதல் சில வாரம் ஏறத்தான் செய்யும். எனக்கு ஒன்பது லட்சம் வரை போய், கொஞ்ச நாள் ஆஸ்பிரின் கொடுத்தார்கள். ஆனால் வீட்டுக்கு வந்தபின் புதிதாக வயிற்று வலி, காய்ச்சல் என்றால் உடனே போய் ஸ்கேன் கேளுங்கள். ஈரலுக்குப் போகும் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து அடைப்பது உண்டு.

2024 ஆகஸ்ட் 15, வியாழன், காலை 11.30

விடுமுறை. “உங்களுக்கு விபத்தில் சிதறிய துண்டுகள் உள்ளே மறுபடி வளர்ந்திருக்குமே, ஊசியெல்லாம் எதற்கு?” என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. சிதறிய மண்ணீரல் வயிற்றுக்குள் ஆங்காங்கே முளைப்பது உண்மை. அதை நம்பி உட்கார முடியாது என்பதும் உண்மை. என்னுடையதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்கள் தெருவில் இரத்தப் பரிசோதனைக் கடை ஒன்று இருக்கிறது. அவர்களுடைய சென்ட்ரிஃபியூஜ் மோட்டாருக்குக் கார்பன் பிரஷ் தேய்ந்து போனால் என்னிடம் வரும். ஒருமுறை மாற்றிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்கவில்லை. “பதிலுக்கு என் இரத்தத்தைக் காட்டு” என்றேன். அந்தப் பையன் விரலில் குத்தி, கண்ணாடிச் சில்லில் இழுத்து, லீஷ்மன் சாயம் ஊற்றி, கழுவிக் காயவைத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தான். இளஞ்சிவப்பு வட்டங்கள், நடுவில் வெளுப்பாக, நேர்த்தியாகச் சுட்ட அப்பம் மாதிரி. ஆங்காங்கே ஒரு வட்டத்துக்குள் ஊதா நிறத்தில் ஒரே ஒரு புள்ளி, பேனா முனையால் தொட்டு வைத்தது போல. “ஹவல்–ஜாலி புள்ளி அண்ணா. சிவப்பணு பிறக்கும்போது அதன் உட்கருவில் மிஞ்சிய துணுக்கு. மண்ணீரல் இருந்தால் இதைக் கிள்ளி எடுத்துவிட்டு அனுப்பும்” என்றான். கிள்ள ஆள் இல்லை என்பதற்கு என் உடம்பே எழுதிக் கொடுத்த ரசீது.

சாயத்தின் பெயரை இன்னொரு முறை படியுங்கள்: லீஷ்மன். அந்தச் சாயத்தைச் செய்த மருத்துவர் ஒரு நோயாளியின் மண்ணீரலில் கண்ட கருங்காய்ச்சல் (காலா அசார்) கிருமியை 1903இல் நம் சென்னையிலேயே, சென்ட்ரல் எதிரே இருக்கும் பொது மருத்துவமனை நோயாளிகளின் மண்ணீரலில், சார்லஸ் டோனோவன் என்ற மருத்துவரும் தனியாகக் கண்டுபிடித்தார். இருவர் பெயரையும் சேர்த்துத்தான் கிருமிக்கு லீஷ்மேனியா டோனோவானி என்று வைத்தார்கள். தினமும் சென்ட்ரல் பக்கம் பஸ்ஸில் போகிறோம், எந்தக் கண்டக்டரும் இதைச் சொல்வதில்லை.

2024 ஆகஸ்ட் 18, ஞாயிறு

காசிமேட்டு நண்பர் ஒருவர் கேட்கிறார்: மூச்சடக்கி முங்குகிறவர்களுக்கு மண்ணீரல் பெரிதாக இருக்குமாமே? ஆம். முங்கும்போது மண்ணீரல் சுருங்கி, இருப்பு வைத்த சிவப்பணுக்களை இரத்தத்தில் விடும். கடலிலேயே வாழும் இந்தோனேசியாவின் பஜாவ் மக்களுக்கு, பக்கத்து ஊர்க்காரர்களைவிட மண்ணீரல் ஏறக்குறைய பாதி மடங்கு பெரிது என்று 2018இல் ஓர் ஆய்வு வந்தது. நான் கழுத்தளவுத் தண்ணீரோடு சரி.

2024 செப்டம்பர் 1, ஞாயிறு, இரவு 9.50

என் பாட்டி மண்ணீரல் என்ற சொல்லைச் சொல்லிக் கேட்டதில்லை. ‘காய்ச்சல் கட்டி’ என்பார். மலேரியா திரும்பத் திரும்ப வந்த உடம்பில் இடது விலாவுக்குக் கீழே கையில் தட்டுப்படும் வீக்கம். வீங்கிய மண்ணீரல்தான் அது. அந்த நிலையில் அது கிழிவதற்குச் சின்ன அடியே போதும்.

இதை வைத்து வெள்ளைக்காரன் தப்பித்துக்கொண்ட கதை ஒன்று உண்டு. ஆக்ராவில் ஃபுல்லர் என்ற ஆங்கில வழக்கறிஞர் தன் குதிரைக்காரரை அடித்தார், அவர் இறந்தார். மண்ணீரல் ஏற்கெனவே வீங்கியிருந்தது, அதனால்தான் கிழிந்தது என்றது மருத்துவச் சான்று. தண்டனை 30 ரூபாய் அபராதம். 1876இல் வைஸ்ராய் லிட்டனே அதைக் கண்டித்து எழுத வேண்டியதாயிற்று. இப்படிச் செத்தவர்கள் அந்த ஒருவரோடு நிற்கவில்லை. அடித்த கை குற்றவாளி இல்லை, அடிபட்ட மண்ணீரல் குற்றவாளி.

எங்கே தொடங்கினேன்? மலேரியா. மண்ணீரல் இல்லாதவர்களுக்கு அது முற்றிப் போகும் ஆபத்து அதிகம். கிருமி புகுந்த சிவப்பணுக்களைக் களைய ஆள் இல்லை. சென்னையின் மலேரியாக் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை, மொட்டைமாடித் தொட்டியின் நல்ல தண்ணீரிலும் கிணற்றிலும்தான் முட்டையிடும். எங்கள் குடியிருப்பின் தொட்டிக்கு மூடி இல்லாமல் ஓராண்டு சண்டை போட்டேன். கடைசியில் ஒரு பழைய பிளைவுட் பலகையை நானே அறுத்து மூடினேன்.

2024 செப்டம்பர் 8, ஞாயிறு, இரவு 10.30

தம்பிக்கு எட்டு வாரம் முடிந்து ‘23’ ஊசி போட்டாயிற்று. அங்கே அவரிடம் “ஐந்து ஆண்டு கழித்து இதை மறுபடி போட வேண்டும், மெனிங்கோகாக்கஸும் அப்படித்தான்” என்று சொன்னார்களாம். “நீங்கள் ஆயுளுக்கும் போதும் என்றீர்களே அண்ணா?” என்று கேட்டிருக்கிறார்.

எழுதினேன். தவறு. என் பழைய சீட்டை எடுத்துப் பார்த்தேன்: 2019 அக்டோபர். கீழே மருத்துவர் கையெழுத்தில் ‘5 ஆ’ என்று எழுதிக் கோடு போட்டிருக்கிறார். ஐந்து ஆம்பியர் என்று நினைத்து விட்டிருப்பேன் போலிருக்கிறது. உங்களுக்கு உபதேசம் செய்ய வந்தவனுக்கே அடுத்த மாதம் கெடு.

2024 செப்டம்பர் 15, ஞாயிறு, மாலை 5.00

“உங்களுக்கு உண்மையில் அப்படி ஒரு காய்ச்சல் வந்ததுண்டா, அல்லது பயமுறுத்துகிறீர்களா?” என்று ஒருவர் கேட்கிறார்.

மிக்ஜாம். 2023 டிசம்பர் 4. கொருக்குப்பேட்டையில் தரைத்தளத்து வீடு. மாலைக்குள் முழங்கால் தண்ணீர், மின்சாரம் இல்லை. கட்டிலின்மேல் கட்டில் போட்டு, அதன்மேல் நானும் மனைவியும் தையல் இயந்திரமும். நள்ளிரவு தாண்டியதும் குளிர் எடுத்தது. ஈரத்தில் வரும் குளிர் அல்ல. பல் தட்டும் சத்தம் எனக்கே கேட்டது. மனைவி டார்ச் அடித்துத் தெர்மாமீட்டரைப் படித்தார்: 101.6.

2019இலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவில் அவசர ஆன்டிபயாடிக் வைத்திருக்கிறேன், அமாக்சிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்தது, மருத்துவர் எழுதிக் கொடுத்தது. காலாவதி ஆக ஆக மாற்றி வைப்பது என் மனைவி. அன்று இரண்டு மாதம் மிச்சம் இருந்தது. முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு விடியும்வரை தண்ணீரில் மிதந்த செருப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மாத்திரை போட்டால் முடிந்தது என்று அர்த்தமில்லை. மருத்துவமனைக்குப் போய்ச்சேரும்வரை தாங்குவதற்குத்தான் அது.

காலை ஏழு மணிக்குக் காசிமேட்டுப் பையன்கள் பைபர் படகைத் தெருவுக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். “முதலில் முதியவர்கள்” என்றார்கள். நான் சட்டைப்பையிலிருந்து லேமினேட் செய்த அட்டையை எடுத்துக் காட்டினேன்: ‘எனக்கு மண்ணீரல் இல்லை. காய்ச்சல் வந்தால் உடனடியாக ஆன்டிபயாடிக் ஊசி தேவை.’ படகில் இருந்தவர்களில் ஒருவருக்கும் மண்ணீரல் என்றால் என்னவென்று தெரியவில்லை. ஆனாலும் லேமினேட் செய்த அட்டைக்கு ஒரு மரியாதை இருக்கிறது. ஏற்றிக்கொண்டார்கள்.

இடது நுரையீரலின் அடியில் நிமோனியா ஆரம்பித்திருந்தது. நான்கு நாள் வார்டு. “இன்னும் ஒரு பகல் கடந்திருந்தால்...” என்று இளம் மருத்துவர் தொடங்கி, என் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

2024 செப்டம்பர் 15, மாலை 5.40

பயமுறுத்தவில்லை. ஆண்டின் மற்ற 364 நாளும் காயில் கட்டுகிறேன், மீன் சாப்பிடுகிறேன், சண்டை போடுகிறேன். முதலில் ‘பாதி உண்மை’ என்று எழுதினேனே, யோசித்தால் மாமா சொன்னது முக்கால் உண்மை. எனக்கு உறுத்துவது அந்தக் கால்தான்.

2024 அக்டோபர் 6, ஞாயிறு

‘மண்ணீரல் இல்லாதவரைத் தெருநாய் கடித்தால் என்ன செய்வது?’ என்ற கேள்விக்குப் பதில் எழுத மறந்தேன். கடித்தால் வெறிநோய் ஊசியோடு நிறுத்தக் கூடாது. நாயின் வாயில் இயல்பாகவே குடியிருக்கும் கேப்னோசைட்டோஃபேகா என்ற கிருமி, மண்ணீரல் இல்லாதவர் இரத்தத்தில் புகுந்தால் பெரும் விபரீதம். சின்னக் கீறலானாலும் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே போய், மண்ணீரல் இல்லை என்று சொல்லி ஆன்டிபயாடிக் கேளுங்கள். தண்டையார்பேட்டையில் இரவு ஒன்பதுக்கு மேல் நடப்பவன் என்ற முறையில் கையில் எப்போதும் பிஸ்கட் பாக்கெட் வைத்திருக்கிறேன். நாய்களுக்கு.

2024 அக்டோபர் 20, ஞாயிறு, காலை 8.15

தம்பிக்கு வெள்ளி இரவு 100.8. நள்ளிரவில் ஆட்டோ பிடித்துப் போயிருக்கிறார்கள். பணி மருத்துவர், “இந்தக் காய்ச்சலுக்கா இந்த நேரத்தில் வந்தீர்கள்?” என்று கத்தினாராம். தம்பி அட்டையை நீட்டினாராம். படித்தவர் அதற்குமேல் பேசாமல் இரத்தம் எடுத்து ஊசியும் போட்டிருக்கிறார். இரண்டு நாளில் சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று தெரிந்தது.

திட்டு வாங்கியதற்கு வாழ்த்துகள். மாமாவும் ஆட்டோவில் கூடவே போனார் என்ற செய்தியைக் குறித்துக்கொண்டேன்.

2024 அக்டோபர் 27, ஞாயிறு, இரவு 7.30

நேற்று நானும் போய் ஐந்தாண்டு ஊசியைப் போட்டுக்கொண்டேன். இன்று காலை சோற்றில் கை வைத்தபடி “இடது தோள் வலிக்கிறது” என்றேன். மனைவி கரண்டியைப் போட்டுவிட்டார், பையன் ஆட்டோவுக்குப் போன் எடுத்துவிட்டான். ஊசி போட்ட இடம் என்று சட்டையைக் கழற்றிக் காட்டிய பிறகுதான் உட்கார்ந்தார்கள்.

தீபாவளிக்கு முன் கொடுக்க வேண்டிய கிரைண்டர் மோட்டார் மூன்று காத்திருக்கின்றன. ஒரு கையால் காயில் கட்ட முடியாது.